தீனாவின் கிடாருக்கு ஒரு பெட்டி

புத்தூர்,
4.8.2025

அன்புள்ள தம்பி யோகேஷுக்கு அக்கா தாட்சாயணி எழுதிக்கொண்டது. நானும் அம்மாவும் நலம். நீ நலமா என்று கேட்டுப் போன் போட்டால் எடுப்பதில்லை. வாட்ஸப்பில் கேட்டால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன். ஹரியானாவுக்குக் கடிதம் போய்ச் சேர ஐந்து நாள் ஆகும் என்று தபாலாபீசில் சொன்னார்கள். ஆகட்டும். காகிதத்தை நீ பாதியில் கட் பண்ண முடியாது.

நீ அனுப்பிய பார்சலைச் சித்தூர் லாரி ஆபீசுக்கு வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். சனிக்கிழமை தையல் கடையைச் சாத்திவிட்டுப் போனேன். கிடார்தானே என்று ஒரு கையால் தூக்கினேன், தோள்பட்டை இறங்கிவிட்டது. உடம்பு முழுக்க உலோகமாம், எனக்கென்ன தெரியும். வீட்டுக்கு வந்து பிரித்தால் அதன் வயிற்றில் ஓட்டை ஓட்டையாக ஒரு பெரிய தட்டு. இதில் எத்தனை இட்லி வேகும் என்று அம்மா கேட்டாள். ரெசனேட்டர் கிடார் என்று பெயர் சொன்னேன். சொன்னதற்கு அப்புறமும் இட்லித்தட்டு என்றுதான் சொல்கிறாள்.

பழைய போர்வையில் சுற்றி, சைக்கிள் ட்யூபை விரல் அகலத்துக்கு வெட்டிக் கட்டியிருந்தாய். நைனா செத்து ஆறு வருஷம் ஆகிறது, அவர் சைக்கிள் கடை முடிச்சை நீ விடவில்லை. அவருக்கு இடது கை வாட்டம். இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை இடது பக்கமாகத் திருப்பி உள்ளே செருகுவார். வெளி ஆளுக்கு அவிழ்க்கவே தெரியாது, பிளேடு போட்டு அறுக்க வேண்டியதுதான். எனக்கே ஒரு நகம் போனது.

நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். சுண்டுவிரலில் ஒரு இரும்புக் குழலை மாட்டிக்கொண்டு அந்த மனிதர் கம்பி மேல் இழுத்து இழுத்து வாசிக்கிறார், மற்ற விரல்கள் சும்மா இருக்கின்றன. உன் சிநேகிதன் தீனாவுக்கு இடது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம். நாராயணவனம் உற்சவத்தில் அவன் கிடாரும் உன் கீபோர்டும் சேர்ந்தால் ஜனம் நகராது. மார்ச் மாதம் இங்கே உங்கள் கம்பெனியில் தகடு அழுத்தும் பிரஸ் மெஷின் அவனுடைய மூன்று விரலை எடுத்ததிலிருந்து அவன் வீட்டு ரேடியோ கூடப் பாடுவதில்லை என்று கேள்விப்பட்டேன். அவனுக்காக இப்படி ஒரு வாத்தியத்தைத் தேடிக் கண்டுபிடித்தாயே, அதற்கு உன்னைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் உங்களோடு உற்சவத்தில் வாசிக்கிற பாண்டு பசங்க எல்லாரும் சேர்ந்து வாங்கியது என்று சொல்லிக் கொடு, என் பெயரை எடுக்காதே என்று எழுதியிருந்தாய். ஏன்? நல்லது செய்கிறவன் எதற்கு ஒளிய வேண்டும்? இந்த மாதம் 29-ம் தேதி திருப்பதி லேபர் ஆபீசில் அவனுக்கு விசாரணை இருப்பதாகச் சொன்னார்கள். அந்த மெஷினில் இரண்டு பக்கமும் இரண்டு பட்டன், இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் இறங்கும், கை உள்ளே இருக்கக்கூடாது என்றே அப்படி வைத்திருக்கிறார்கள் என்று நீதான் விளக்கினாய். தீனா ஒரு பட்டனைக் கட்டிவைத்துவிட்டு ஒரு கையால் வேலை செய்தான், அவன் தப்புதான் என்றும் நீதான் சொன்னாய். ஊரில் யார் கேட்டாலும் நானும் அதையே சொல்கிறேன். விசாரணையில் அவன் தப்பு என்று முடிவானால் வேலையும் கிடையாது, நஷ்டஈடும் கிடையாதாம். கூடப் பழகியவன் என்று நீ ஒரு நடை வந்துபோனால் அவனுக்குத் தெம்பாக இருக்கும்.

பெட்டி விஷயத்துக்கு வருகிறேன். ரவிக்கைக்கு அளவெடுக்கிற டேப்பை வைத்துக் கிடாருக்கு அளவெடுத்தேன். நீளம் முப்பத்தொன்பது அங்குலம், அடிவயிறு பதினாலு. திருப்பதியில் ரமணா என்று ஒருவர் வாத்தியக் கடை வைத்திருக்கிறார். கிடாரையே தூக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன். இதைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன் அம்மா என்று துணியால் துடைத்துவிட்டுத்தான் தொட்டார்.

நான் ஜிப் வைத்த பைதான் கேட்டேன். லேசாக இருக்கும், முதுகில் மாட்டலாம், இரண்டு விரல்காரனுக்கு ஜிப் சுலபம் என்று என் கணக்கு. அவர் தட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினார். அதற்கு அடியில் காகிதம் போல மெல்லிசான அலுமினியக் கூம்பு இருக்கிறதாம், ஒலி முழுக்க அதிலிருந்துதானாம். பையில் வைத்து யாராவது சாய்ந்தால் கூம்பு நசுங்கிவிடும், பிறகு தகர டப்பாதான் என்றார். சாதாரணக் கிடாரின் மரப்பெட்டியும் உதவாது. அது பதினாறு அங்குல வயிற்றுக்குச் செய்தது, இது உள்ளே ஆடும். உடம்பு கனம் என்பதால் ஒவ்வொரு குலுக்கலுக்கும் கழுத்து அடிபட்டு ஒருநாள் முறிந்துவிடும். மூடி வளைந்த பெட்டி வேண்டும், கழுத்துக்கு அடியில் தாங்கல் வேண்டும், தட்டின் மேல் எதுவும் படக்கூடாது. சென்னையிலிருந்து அப்படி ஒன்றை வரவழைத்துத் தருகிறேன் என்றார்.

அந்தப் பெட்டிக்கு ஐந்து கொக்கியாம். அங்கேயே கைக்குட்டையால் என் மூன்று விரலைக் கட்டிக்கொண்டு அதேபோலக் கொக்கி உள்ள வேறொரு பெட்டியைத் திறந்து பார்த்தேன். கடைக்கு வந்தவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள், பார்க்கட்டும். கொக்கி ஒரு கையாலேயே திறக்கிறது. உண்மையில் ஜிப்புக்குத்தான் இரண்டு கை வேண்டும், ஒரு கை துணியைப் பிடித்தால்தான் மற்றது இழுக்கும். இருபது வருஷமாக ஜிப் தைக்கிறவளுக்கு இது கடைக்காரர் சொல்லித் தெரிகிறது, வெட்கக்கேடு. பெட்டி வந்ததும் தீனா வீட்டுக்கே எடுத்துப் போய்க் காட்டப்போகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா தாட்சாயணி

&nbsp;

புத்தூர்,
13.8.2025

யோகேஷுக்கு,

அம்மா நலம். என்னைப் பற்றிக் கேட்காதே.

பெட்டி வந்தது. நேற்று கிடாரை அதில் வைத்துக்கொண்டு புத்தலப்பட்டு போனேன். தீனா மெலிந்து தோளெலும்பு தெரிகிறது. இடது கையைச் சட்டைப் பாக்கெட்டில் வைத்தபடியே என்னை வாக்கா என்று கூப்பிட்டான். அவன் மனைவி ரூபா நிலக்கடலை பிடுங்கப் போயிருந்தவள், நான் வந்திருப்பது தெரிந்து கைமண்ணோடு ஓடிவந்தாள்.

நீ சொன்னபடியே பாண்டு பசங்க வாங்கியது என்றேன். ஒரு பொய்யைச் சொன்னேன், அதை எழுதிவைக்கிறேன். தீனா ஐந்து கொக்கியையும் வலது கையால் தட்டித் திறந்தான். மூடியை முழங்கையால் தாங்கிக்கொண்டான். தட்டின் மேல் கையை வைத்துத் தடவிப் பார்த்தான். பிறகு மூடி, பெட்டியை வலது கையால் தூக்கி நின்று பார்த்தான். நல்ல பெட்டிதான் என்றான். ஆனால் வலது கையில் இதைப் பிடித்துக்கொண்டால் திருப்பதி பஸ்ஸில் கம்பியை எந்தக் கையால் பிடிப்பது என்று கேட்டான். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டான். எனக்கும் ரமணாவுக்கும் அது தோன்றவே இல்லை. இரண்டு கையும் உள்ளவர்கள் இருவரும் உட்கார்ந்து யோசித்தால் இப்படித்தான் ஆகும்.

நான் அவமானமாக உட்கார்ந்திருந்தபோது ரூபா ஒரு காகிதக் கட்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். விசாரணைக் காகிதங்கள். கம்பெனி தரப்புச் சாட்சி என்று உன் பெயர் இருக்கிறது, லைன் லீடர் யோகேஷ் என்று. அதோடு ஒரு போட்டோ, ஜெராக்ஸ் எடுத்ததில் கறுத்துப்போயிருந்தாலும் தெளிவாகத் தெரிந்தது. மெஷினின் இடப்பக்கப் பட்டன். அதன் மேல் விரல் அகலத்துக்குச் சைக்கிள் ட்யூப், இரண்டு சுற்று, நுனி இடது பக்கமாகத் திரும்பி உள்ளே போயிருக்கிறது.

பார்த்துக்கொண்டே இருந்தேன். இது யார் கட்டியது என்று தீனாவிடம் கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். மறுபடியும் கேட்டேன். ரூபாதான் வாயைத் திறந்தாள்.

"அவரு கட்டல அக்கா. உங்க தம்பிதான் கட்டினாரு. ஆஸ்பத்திரிக்கு வந்து, இவருதான் கட்டினாருன்னு கையெழுத்தும் வாங்கிக்கினு போனாரு."

அப்புறம் தீனா கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். அன்றைக்கு அவனுக்கு ஜுரம். லீவு எடுத்தால் போனஸ் போய்விடும் என்று வந்திருக்கிறான். கை ஓடவில்லை, டார்கெட் வரவில்லை. நீ பார்த்துவிட்டு, ஒரு கையால் பட்டன், ஒரு கையால் தகடு, சீக்கிரம் ஆகிவிடும் என்று கட்டிக் கொடுத்திருக்கிறாய். அந்த லைனில் எல்லாரும் கட்டுவதுதானாம், ஆய்வுக்கு ஆள் வந்தால் அவிழ்ப்பார்களாம். உன் மேல் ஒரு கெட்ட வார்த்தை அவன் பேசவில்லை. எனக்காகத்தான் கட்டினான் என்று இரண்டு தடவை சொன்னான்.

யோகேஷ், கட்டியதற்காக நான் உன்னை வையமாட்டேன். ஜுரத்தோடு வந்த சிநேகிதனுக்கு ஒத்தாசை செய்தாய், அது இப்படி முடிந்தது. தலைவிதி என்று அழுதிருப்பேன், உன்னோடு சேர்ந்து அழுதிருப்பேன். ஆனால் அதற்கு நாலாவது நாள், கட்டுப் போட்ட கையோடு படுத்திருந்தவனிடம் போய், நீ கட்டினதாக எழுதிக்கொடு, உனக்கு ஸ்டோரில் வேலை போட்டுத் தருவார்கள், நான் கட்டினேன் என்றால் இரண்டு பேருக்கும் வேலை போய்விடும் என்று சொன்னாயே. அவன் நம்பி வலது கையால் கையெழுத்துப் போட்டான். ஒரு மாதத்தில் அவனுக்கு நீக்கம் என்று கடிதம் வந்தது. உனக்கு ஹரியானாவில் மானேசர் ஊர் ஃபேக்டரியில் பதவி உயர்வு வந்தது. நான் அன்றைக்குத் தெருவுக்கெல்லாம் லட்டு கொடுத்தேன்.

போதாததற்கு ஐந்து மாதமாக அவன் தப்பு அவன் தப்பு என்று ஊரெல்லாம் சொன்னவள் நான். துணி தைக்க வந்தவர்களிடம் எல்லாம் சொன்னேன். ரூபாவின் அத்தையிடமே சொல்லியிருக்கிறேன். அது ரூபாவுக்குத் தெரியும். தெரிந்தும் எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

இப்போது அவன் போய் நான் கட்டவில்லை என்று சொன்னால் கையெழுத்தை எடுத்துக் காட்டுவார்கள். வேறு யாரும் வாய் திறக்கமாட்டார்கள், அவரவர் வேலை அவரவருக்கு. நீ ஒருவன் வந்து சொன்னால்தான் உண்டு. பெட்டியைத் திரும்ப எடுத்து வந்திருக்கிறேன், முதுகில் மாட்ட வார் தைக்க வேண்டும். இதைப் படித்ததும் போன் செய். எடுக்காமல் விடுவதெல்லாம் என்னிடம் இனி நடக்காது.

தாட்சாயணி

&nbsp;

புத்தூர்,
20.8.2025

யோகேஷுக்கு,

ஸ்பீட் போஸ்ட்டில் போன என் கடிதத்தை 18-ம் தேதி நீ கையெழுத்துப் போட்டு வாங்கினாய் என்று தபாலாபீசில் பார்த்துச் சொன்னார்கள். அன்று மாலை உன்னிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. பெட்டி கொடுத்தாச்சா, பூட்டு இருக்கிறதா பார் என்று. நான் அழுது எழுதிய அத்தனைக்கும் உன் பதில் பூட்டு. அதை நாலு தடவை படித்தேன், அதற்குள் வேறு எதுவும் இல்லை. அம்மா தம்பி என்ன சொல்கிறான் என்று கேட்டாள். நன்றாக இருக்கிறானாம் என்றேன். பொய் சொல்ல எனக்கும் பழகிவிட்டது.

வார் வைத்துவிட்டேன். கார் சீட் பெல்ட் துணியை வாங்கி மூன்று மடிப்பாகத் தைத்து, திருப்பதியில் தோல் பை செய்கிறவரிடம் கொடுத்துப் பெட்டியின் அடியிலும் கழுத்திலும் ரிவிட் அடித்து வாங்கினேன். ரிவிட்டின் முனை உள்ளே கிடாரை உரசாமல் ஸ்பாஞ்சு ஒட்டினேன். நானே அதை மாட்டிக்கொண்டு திருப்பதியிலிருந்து சித்தூர் பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். இரண்டு கையும் சும்மா இருக்கிறது, கம்பி பிடிக்கலாம். பின்னால் ஒருவர் முட்டிக்கொண்டே வந்தார், பெட்டி அசையவில்லை. அந்த மட்டில் நல்ல பெட்டிதான் தேர்ந்தெடுத்தோம்.

புத்தலப்பட்டில் இறங்கியதும் முதலில் தீனாவிடமும் ரூபாவிடமும் மன்னிப்புக் கேட்டேன். கிடாரை அனுப்பியது நீ என்பதையும் சொன்னேன். அவனுக்கு முதல் நாளே தெரிந்திருந்தது. பாண்டு பசங்களுக்கு ரெசனேட்டர் எங்கே தெரியும் அக்கா என்றான்.

அவனை வாசிக்கச் சொன்னேன். குழல் தழும்பில் இடித்ததால் சுண்டுவிரலில் மாட்ட அவனால் முடியவில்லை, நான்தான் மெதுவாக மாட்டிவிட்டேன். தையல் போட்ட இடத்தில் தோல் இன்னும் சிவப்பாக இருக்கிறது. மடியில் வைத்து ஒரு கம்பியைத் தட்டி, குழலை மேலே இழுத்தான். முதலில் கீச்சென்று வந்தது. மறுபடி இழுத்தான். மூன்றாவது நாலாவது தடவையில் ஒரு ஸ்வரம் நின்றது. நீண்டு, நடுங்கி, வீடு முழுக்க நிறைந்தது. ரூபா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவன் கண் மூடியிருந்தது. ஐந்து மாதத்துக்குப் பிறகு அவன் முகத்தை அப்படிப் பார்த்தேன். அதை உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை, நீ அனுப்பியதுதானே.

ஒரு கால் மணி நேரம் இருக்கும். பிறகு குழலைக் கழற்றி அதன் இடத்தில் வைத்தான். கிடாரைப் படுக்க வைத்தான். ஐந்து கொக்கியையும் ஒவ்வொன்றாகப் போட்டான். பெட்டியை என் பக்கம் தள்ளினான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிடிக்கவில்லையா என்று கேட்டேன்.

"ரொம்பப் புடிச்சிருக்குது அக்கா. அதான் இப்ப வேணாங்கறேன். விசாரணைக்கு முன்னாடி எடுத்துக்கினா, பேசாம இருக்கறதுக்குக் கூலி வாங்கின மாதிரி ஆயிடும். அவன் வந்து, தீனா கட்டலன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். அன்னிக்கே வந்து எடுத்துக்கறேன்."

அதே பஸ்ஸில் அதே பெட்டியை முதுகில் மாட்டிக்கொண்டு திரும்பி வந்தேன். இப்போது என் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் நிற்கிறது. அம்மா தினமும் தூசி தட்டுகிறாள். அந்தப் பையன் எப்போது வந்து எடுத்துப் போவான் என்று கேட்கிறாள். நான் தலையை நிமிர்த்தாமல் தைத்துக்கொண்டிருக்கிறேன்.

நேற்று முழுக்க யோசித்தேன். உன் பக்கமும் யோசித்தேன். சொன்னால் உன் வேலை போகும். பொய் எழுதி வாங்கியதற்குக் கேஸ் வந்தாலும் வரும். உன் கல்யாணப் பேச்சு நின்றுபோகும். ஊரில் நாலு விதமாகப் பேசுவார்கள், அம்மாவுக்கு அது தாங்காது. எல்லாம் தெரிந்துதான் எழுதுகிறேன். வேலை போனால் வீட்டுக்கு வா. நான் தைக்கிற தையலில் மூன்று பேர் சாப்பிட முடியும், இதற்கு முன்னாலும் சாப்பிட்டிருக்கிறோம். கோர்ட்டுக்குப் போக வேண்டி வந்தால் உன் பக்கத்தில் நான் நிற்பேன். ஆனால் தீனா உன் பாவத்தைச் சுமந்துகொண்டு தெருவில் நடக்க, நான் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. என்னால் ஆகாது தம்பி.

அதனால் ஒன்று முடிவு செய்துவிட்டேன். 29-ம் தேதி வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு விசாரணை. தீனாவோடும் ரூபாவோடும் நான் போகிறேன். நீ கிடாரைக் கட்டியனுப்பிய ட்யூப் துண்டில் ஒன்றை நான் அவிழ்க்காமல் அப்படியே நழுவவிட்டுக் கழற்றி வைத்திருந்தேன், முடிச்சோடு இருக்கிறது. அதை அந்தப் போட்டோவுக்குப் பக்கத்தில் வைத்து, இது எங்கள் வீட்டு முடிச்சு, எங்கள் நைனா என் தம்பிக்குச் சொல்லிக்கொடுத்தது என்று சொல்லப்போகிறேன். அவர்கள் நம்புவார்களா, ஏற்பார்களா, எனக்குத் தெரியாது. ஆனால் சொல்வேன். அப்படிச் சொல்கிற அன்றைக்கு எனக்கு என்ன ஆகும் என்று யோசித்துப் பார். உன்னைக் குழந்தையில் இடுப்பில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவள் நான்.

அம்மாவிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. நீ வந்தால் நீயே சொல்லிக்கொள்ளலாம். வராவிட்டால் 28-ம் தேதி இரவு நான் சொல்லிவிடுவேன், வெளி ஆள் வாயால் அவள் கேட்கக் கூடாது.

இந்தக் கடிதம் 25-ம் தேதிக்குள் உனக்குக் கிடைத்துவிடும். டெல்லியிலிருந்து ரயிலேறினால் இரண்டு நாளில் வந்துவிடலாம், விசாரித்துவிட்டேன். திருப்பதியில் இறங்கி நேராக லேபர் ஆபீசுக்கு வா. பத்து மணியிலிருந்து கேட்டுக்கு வெளியே நிற்பேன். நீ எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் எனக்குத் தெரியும். வந்து பக்கத்தில் நின்றால் போதும், நான் ஒரு கேள்வியும் கேட்கமாட்டேன்.

உனக்கு ஒரு கெடுதலும் வரக்கூடாது என்றுதான் தினமும் வேண்டிக்கொள்கிறேன், இப்போதும். பத்தரை மணிக்கு உள்ளே கூப்பிடுவார்கள். உன்னைக் காட்டிக்கொடுத்தவள் என்று என்னை ஆக்கிவிடாதே. அதற்கு முன்னால் வந்துவிடு.

இப்படிக்கு,
உன் அக்கா